முகமூடி யாருக்கு?

ஆம்பூரிலே கூட்டம் முடிந்து, மாலைகளும் துண்டுகளும் மேடையோரம் குவிந்து கிடக்க, ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். இளைஞர் அணித் தம்பி ஒருவன் அருகே வந்தான். ஆண்டு விழாவுக்கு நாடகம் வேண்டும் என்றான். என்ன கதை என்று கேட்டேன். கதையையும் அவனே கையோடு கொண்டுவந்திருந்தான்.

"பகலிலே பத்திரிகை நிருபர், அண்ணே! இரவிலே முகமூடி! கழிவு நீரை ஆற்றிலே திறந்து விடுகிறவனைத் துப்பறிந்து பிடிப்பான். தூணிலே கட்டி வைத்து ஊருக்குக் காட்டுவான். கடைசிக் காட்சியிலேதான் முகமூடியைக் கழற்ற வேண்டும். கொட்டகையே அதிரும், அண்ணே!"

அதிரும் என்பதிலே எனக்கும் ஐயமில்லை. எந்த இடத்திலே எந்த வரிசையிலிருந்து கைதட்டல் கிளம்பும் என்று கணக்குப் போடத் தெரியாதவன் நாடகம் எழுத வரக்கூடாது. ஆனால் பேருந்திலே வேலூர் திரும்பும்போது அந்த முகமூடி என்னை உறங்கவிடவில்லை. மாதனூரைத் தாண்டுகிற வரையிலே அதைப் பற்றியே எண்ணிக்கொண்டு வந்தேன்.

முகமூடி வீரன் நமக்குப் புதியவன் அல்லன், தோழர்களே! 1954ஆம் ஆண்டிலே திரைக்கு வந்த 'மலைக்கள்ளன்' நினைவிருக்கிறதல்லவா? கதை நாமக்கல் கவிஞருடையது, உரையாடல் கலைஞருடையது, வேடம் எம்.ஜி.ஆருடையது. ஊருக்குள்ளே மதிப்பு மிக்க வணிகர். மலை மேலே கள்ளர் தலைவன். இரண்டும் ஒருவனே என்று திரையிலே உள்ளவருக்குத் தெரியாது; தரையிலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அந்த இரகசியத்தைக் காப்பதிலே பார்ப்பவனுக்கும் பங்கு கிடைக்கிறது. அங்கேதான் அந்தக் கதையின் கவர்ச்சி இருக்கிறது. 'ஆசாத்' என்று இந்திக்குப் போனபோது திலீப்குமாருக்கும் அதே கைதட்டல்தான்.

இன்னும் பின்னாலே போகலாம். மாறுவேடத்திலே நகர் சோதனைக்குப் போன பாண்டியன் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வெளியூர் சென்ற கீரந்தையின் வீட்டுக்கு இரவிலே காவலாக நின்றான் மன்னன். ஒரு நாள் உள்ளே ஆண் குரல் கேட்டது. ஐயுற்றுக் கதவைத் தட்டிவிட்டான். திரும்பி வந்திருந்த கணவனின் குரல்தான் அது! மனைவிக்குப் பழி வரக்கூடாதே என்று அந்தத் தெருவிலே உள்ள கதவுகளையெல்லாம் தட்டிவிட்டு ஓடினான். மறுநாள் அவையிலே முறையிட்டார்கள். கதவைத் தட்டிய கை என்னுடையது என்று சொல்லி, அந்தக் கையையே வெட்டி வீழ்த்தினான். பிறகு பொன்னாலே கை செய்து பொருத்திக்கொண்டானாம்; பொற்கைப் பாண்டியன் என்று பெயர் பெற்றானாம். கதையிலே எவ்வளவு மெய், எவ்வளவு புனைவு என்று நான் வழக்காட வரவில்லை. மாறுவேடம் பூண்டு பிறர் வீட்டுக் கதவைத் தட்டுகிறவன், தவறினால் தன் கையைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்தக் கதை கேட்கிறதே, அதைத் தம்பி சொன்ன கதையிலே நான் காணவில்லை.

தம்பியின் கதைக்கு மூலம் மதுரையிலே இல்லை, டெட்ராய்ட்டிலே இருக்கிறது. 1936ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், அந்த அமெரிக்க நகரத்தின் வானொலியிலே 'பச்சைக் குளவி' என்னும் தொடர் தொடங்கியது. நாயகன் பிரிட் ரீட், ஒரு நாளேட்டின் அதிபர். இரவானால் முகமூடி அணிந்து, கேட்டோ என்னும் துணைவனோடு காரிலே ஏறிக் கயவரை வேட்டையாடுவான். காவல் துறை அவனையே கொள்ளைக்காரன் என்று எண்ணியது. எண்ணட்டும் என்று அவனும் விட்டுவிட்டான். கள்ளர் கூட்டத்துக்குள்ளே நுழைய அதைவிட நல்ல நுழைவுச் சீட்டு ஏது? 1966இல் தொலைக்காட்சியிலே கேட்டோவாக வந்தவர் புரூஸ் லீ. 1938இல் பிறந்த சூப்பர்மேனுக்கும் பகல் வேலை நிருபர் வேலைதான்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஏடு அவனுடையது. அச்சு இயந்திரம் அவனுடையது. எழுத்தாளர்கள் அவன் சம்பளம் பெறுகிறவர்கள். காலையிலே எட்டுப் பத்தித் தலைப்பிலே உண்மையை ஊரறியச் சொல்லும் வலிமை படைத்தவன், இரவிலே முகமூடியைத் தேடுவானேன்? தன் ஏட்டை அவனே நம்பவில்லை! பகலிலே சொல்ல முடியாததை இரவிலே செய்து ஆறுதல் அடைகிறான். பத்திரிகை தோற்ற ஊரிலேதான் முகமூடிக்கு வேலை வருகிறது.

நம் பக்கத்திலே நடந்தது இதற்கு நேர் எதிர். ஏடு இல்லாதவன், காசு இல்லாதவன், பதினெட்டே வயதானவன், 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களிலே திருவாரூரிலே 'சேரன்' என்னும் புனைபெயரோடு ஒரு துண்டறிக்கை வெளியிட்டான். அதன் பெயர் 'முரசொலி'. அந்தச் சேரன் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? முகத்தை மறைத்தது புனைபெயர், கருத்தை மறைக்கவில்லை. பெயர் வளர வளர மறைப்பும் தானாகவே கழன்றது.

இனி, தோல் வட்டாரத்துக்கு வருகிறேன்.

பாலாற்றங்கரையிலே தோல் பதனிடும் தொழில் நேற்று முளைத்ததன்று. ஒரு காலத்திலே ஆவாரம்பட்டையிலே ஊற வைத்துப் பதனிட்டார்கள், வாரக்கணக்கிலே ஆகும். 1970களிலே, பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு நடுவண் அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதும் பதனிட்டு, செருப்பாகவும் பையாகவும் அனுப்பினால் அந்நியச் செலாவணி குவியும் என்பது கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை, செலாவணி குவிந்தது. கூடவே குரோமும் குவிந்தது. நாட்கணக்கிலே வேலை முடிந்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீர் உப்பையும் சுண்ணாம்பையும் குரோமையும் சுமந்து வாய்க்காலிலே இறங்கியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று ஊர் ஊராகக் கிணறுகள் கெட்டன.

அப்போது துப்புத் துலக்கியவர் யார்? கிணற்று நீரை வாயிலே வைத்து, "இது தென்னைக்கு ஆகாது" என்று துப்பிய உழவர்தான் முதல் துப்பறிவாளர். நிலத்தை அளந்து 35,000 எக்டேர் வரையிலே பாழ்பட்டது என்று கணக்கெடுத்தது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு நிலையம். 1991இல் உச்சநீதிமன்றத்தின் படியேறியது வேலூர் மக்கள் நல மன்றம். பெயரோடு போனார்கள், முகத்தோடு போனார்கள். 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் தீர்ப்பு வழங்கியது. மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறி இந்தியாவின் சட்டமாகவே நிலைபெற்றது அந்தத் தீர்ப்பிலேதான். தில்லியிலும் மும்பையிலும் இன்று வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டுகிற அந்த நெறிக்கு நம் ஆம்பூர்க் கிணற்றின் கரிப்புதான் ஊற்று. சிலம்பைக் கையிலேந்திச் சென்ற கண்ணகி முகத்திரை அணிந்தா அவை புகுந்தாள்?

மறைப்பு எல்லாம் மறுபக்கத்திலே இருந்தது. மழை பெய்து ஆற்றிலே வெள்ளம் வருகிற இரவு எப்போது வரும் என்று காத்திருந்து கழிவைத் திறந்து விட்டவன் எவனோ, அவன்தான் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தவன். பகலிலே ஏற்றுமதியாளர், பள்ளிக்கு நன்கொடையாளர். இரவிலே மதகின் காவலர். காலையிலே பாலாற்றிலே வெண்ணுரை மிதக்கும். திறந்தவன் பெயர் மட்டும் மிதக்காது.

இந்த இடத்திலே ஒரு எச்சரிக்கை. தோல் வணிகத்திலே இசுலாமியப் பெருமக்கள் பலர் இருப்பதைக் காட்டி, இதற்கு மதச் சாயம் பூச வருகிறவர்கள் உண்டு. அவர்களிடம் சொல்லுங்கள்: 1919இலேயே வாணியம்பாடியிலே கல்லூரி கண்ட சமுதாயம் அது, கெட்ட தண்ணீரைக் குடித்தவர்களிலே அந்தச் சமுதாயத்து ஏழைகளும் உண்டு, ஆதிதிராவிடத் தொழிலாளியும் உண்டு, வன்னிய உழவனும் உண்டு. குரோமுக்குச் சாதியும் தெரியாது, மதமும் தெரியாது.

2015 சனவரி 31. மீண்டும் அதே நாள்! இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையிலே, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் நள்ளிரவுக்குப் பின் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையிலே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றிலே மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாசைத் துடைப்பதற்கென்று கட்டிய இடமே மாளிடம் ஆயிற்று. தொட்டி ஒரே இரவிலே நிரம்பியதா? நிரம்பிய நாட்களிலெல்லாம் அதைப் பார்த்தவர் ஒருவரும் இல்லையா? பார்த்திருப்பார்கள். எழுத முடிந்ததா என்பதுதான் கேள்வி.

மாவட்டத்து நிருபர்களை நான் அறிவேன். இவர்கள்தாம் மெய்யாகவே இரட்டை வாழ்க்கை வாழ்கிறவர்கள்! பகலிலே மளிகைக் கடை, அல்லது காப்பீட்டு முகவர் வேலை, அல்லது தனிப்பயிற்சி, மாலையிலே செய்தி. பல ஏடுகள் கொடுக்கிற தொகை பெட்ரோலுக்கே போதாது. செய்தியின் தலையிலே பெயர் வராது. 'நமது நிருபர்' என்றுதான் வரும். தமிழ்ப் பத்திரிகை உலகத்தின் முகமூடி அந்த இரண்டு சொற்கள்! வாசகனுக்குத்தான் அவர் யாரென்று தெரியாது. ஊரிலே அனைவருக்கும் தெரியும். எந்த ஆலைக்கு எதிராக எழுதினாரோ, அந்த ஆலையிலேதான் அவர் மைத்துனர் வேலை பார்ப்பார். மறுநாள் காலையிலே தேநீர்க் கடையிலே யார் யார் முகம் திருப்பிக்கொண்டார்கள் என்று பார்த்தாலே செய்தியின் தாக்கம் புரிந்துவிடும். சூப்பர்மேனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முகமூடியின் மறுமுகத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மை தவறியவன் ஆவேன். 1940களிலே சென்னையிலே இலட்சுமிகாந்தன் என்று ஒருவர் இருந்தார். 'சினிமா தூது', 'இந்துநேசன்' என்று ஏடுகள் நடத்தினார். பிறர் வீட்டுக் கதவைத் தட்டுவதே அவருடைய தொழில்; கட்டிலறை வரையிலே போனார் என்பார்கள். ஊரைத் திருத்துகிறேன் என்ற பேச்சு வெளியே. அஞ்சியவரிடம் பணம் என்ற பேரம் உள்ளே என்று குற்றச்சாட்டு. 1944 நவம்பரிலே வேப்பேரியிலே குத்துண்டார், மறுநாள் மாண்டார். அந்த வழக்கிலே தியாகராச பாகவதரும் நம் கலைவாணரும் சிறையிலே வாடி, 1947இலேதான் குற்றமற்றவர்கள் என்று விடுதலை பெற்றார்கள். கத்தி எடுத்தவனை நான் ஏற்கவில்லை. எழுத்துக்குக் கத்தி விடையாகாது. ஆனால் பத்திரிகையாளன் என்பதையே முகமூடியாக அணிந்தவனும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. பொற்கைப் பாண்டியன் வெட்டிக்கொண்டது தன் கையை. இவர் நீட்டியது கையை.

மறைத்துச் சொல்லி மாண்பு பெற்ற நாளும் நமக்கு உண்டு. 1976 சனவரி 31 (மூன்றாம் முறை வருகிறது, பாருங்கள்!) கழக ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவிலே தோழர்கள் நூற்றுக்கணக்கிலே சிறை புகுந்தார்கள். யார் யார் என்று ஏட்டிலே போடத் தணிக்கை இடந்தரவில்லை. மகன் எங்கே என்று தாய்க்குத் தெரியவில்லை. பிப்ரவரி 3, அண்ணன் மறைந்த நாள். அன்று 'முரசொலி'யிலே ஒரு பட்டியல் வந்தது: அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் இன்னின்னார் என்று! தணிக்கையாளர் படித்தார், அஞ்சலிச் செய்தி என்று விட்டார். தமிழ்நாடு படித்தது, சிறையிலே யார் என்று தெரிந்துகொண்டது. ஒருவரையும் தூணிலே கட்டவில்லை. ஒரு கதவையும் உடைக்கவில்லை. பெயர்களை வரிசையாக அடுக்கியதே அதிலே நடந்த வேலை.

அந்த நெஞ்சுரத்திலே பழகிய நாம், நம்மைப் பார்த்தும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். 1996இலே தீர்ப்பு வந்தபோது கோட்டையிலே இருந்தவர்கள் நாம். 2015இலே சுவர் இடிந்தபோது இருந்தவர்கள் மற்றவர்கள். பாலாறு இரு சாராரையும் பார்த்திருக்கிறது. நாளை நம் மாநாட்டுப் பந்தலின் காலை ஊன்ற ஓர் ஆலை அதிபர் முன்வந்தால், அந்தப் பந்தலிலே நின்றுகொண்டு மதகைப் பற்றிப் பேச எனக்கு நா எழுமா? கேள்வியை உங்களுக்கு முன்னாலே எனக்கே வைத்துக்கொள்கிறேன். விடை சொல்வது எளிதாக இல்லை.

தம்பிக்கு மடல் எழுதிவிட்டேன். நாடகம் எழுதித் தருகிறேன், முகமூடி வேண்டாம், நாயகன் 'நமது நிருபர்', அவனுக்கு ஒரு பெயர் வைப்பதிலேதான் முதற்காட்சி தொடங்கும் என்றேன். இரண்டாம் காட்சிக்கு அவனுடைய உதவி வேண்டும். மாசினாலே நிலமும் நீரும் இழந்தவர்கள் என்று 2001 மார்ச்சிலே அதற்கான ஆணையம் கண்டறிந்தவர்கள் 29,193 பேர். அவர்களுக்கு அறிவித்த இழப்பீடு 26 கோடி ரூபாய்க்கும் மேல். 2025ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் மறுபடியும் ஆணையிட்டது: இன்னும் பெறாதவர்க்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள், கொடுத்ததை மாசு செய்தவரிடம் வாங்குங்கள், ஆற்றை மீட்க ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலே குழு அமையுங்கள் என்று.

ஆகவே தம்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் ஊரிலும் அடுத்த ஊரிலும் வீடு வீடாகப் போ. பகலிலே போ. பட்டியலிலே பெயர் உள்ளவர் யார், பணம் கைக்கு வந்தவர் யார், வருமுன்னே கண் மூடியவர் யார் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டிலே எழுது. அடுத்த ஞாயிறு நான் ஆம்பூருக்கு வருகிறேன். குறிப்பேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுவோம்.