கம்பி போக வழி உண்டு. கேள்வி போக வழி இல்லை!

கிணறு வெட்டுமுன் ஊற்றுக்கண் எங்கே என்று பார்க்கிறோம். வீடு கட்டக் கால்கோள் நாட்டுமுன் அண்டை வீட்டான் எல்லை எங்கே முடிகிறது என்று அளக்கிறோம். பெண் கொடுக்குமுன் ஊர்கூடிப் பேசுகிறோம். அலசாமல் ஆராயாமல் ஒரு காரியம் செய்பவனை, அறிவிலி என்று ஊர் சொல்லும். பொறுப்பற்றவன் என்று உற்றார் சொல்வர்.

ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வரை, வானளாவ இரும்புக் கோபுரங்களை வரிசை வரிசையாக நட்டு, எட்டு லட்சம் வோல்ட் அழுத்தத்தில் மின்கம்பிகளை இழுத்துச் செல்லும்போது, “இந்தப் பாதையிலே யார் வாழ்கிறார்கள்? எது வாழ்கிறது? எது அழியும்?” என்று ஆராய்ந்து, ஊராரைக் கூட்டி உண்மையைச் சொல் என்று இந்நாட்டுச் சட்டம் கேட்கிறதா? கேட்கவில்லை, தோழர்களே! கேட்கவே இல்லை!

2006 செப்டம்பர் 14ஆம் நாள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஒன்றை டில்லி வெளியிட்டது. எந்தெந்தத் திட்டங்களுக்கு முன்னதாகவே ஆய்வு வேண்டும் என்பதற்கு ஓர் அட்டவணை அதிலே உண்டு. சுரங்கம் இருக்கிறது, அணை இருக்கிறது, அனல் மின்நிலையம் இருக்கிறது, சிமெண்ட் ஆலை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, நெடுஞ்சாலை இருக்கிறது. அந்த அனல் மின்நிலையத்திலிருந்து புறப்பட்டு, மாநிலம் மாநிலமாகக் கடந்து செல்லும் உயரழுத்த மின்பாதை மட்டும் இல்லை! உலைக்கு ஆய்வு உண்டு. உலையிலிருந்து ஓடும் கம்பிக்கு ஆய்வு இல்லை.

காடு என்று ஏட்டிலே எழுதப்பட்ட நிலத்தைக் கடந்தால், 1980ஆம் ஆண்டுக் காடு பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். சரணாலயத்தைக் கடந்தால், 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டம் கைநீட்டித் தடுக்கும். ஆனால், மேய்ச்சல் நிலம்? ஊர்ப் பொதுவெளி? புறம்போக்கு? அவற்றைக் கேட்பார் இல்லை, கேள்விமுறை இல்லை.

புறம்போக்கு! அந்தச் சொல்லை எண்ணிப் பாருங்கள். ஊராருக்கெல்லாம் உரிய நிலத்துக்கு இட்ட பெயர் அது. ஏரி புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு. வரி விதிக்கப்படாத நிலம் என்பதுதான் பொருள். அந்தச் சொல்லை இன்று வசைமொழி ஆக்கிவிட்டோம். எல்லோருக்கும் உரியது, எவருக்கும் உரியதன்று என்று ஆக்கப்பட்ட கதையை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

அந்தக் கதை எங்கெல்லாம் நடக்கிறது? வாருங்கள், இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைக்குச் செல்வோம்.

ஜெய்சல்மேர் வட்டாரத்திலே “ஓரண்” என்று வழங்கும் நிலங்கள் உண்டு. தெய்வத்தின் பெயரால் ஊரார் காத்துவரும் பொதுவெளி. அங்கே மரத்திலே கோடரி படாது, ஆடும் மாடும் ஒட்டகமும் மேயும், மழைநீர் தேங்கும், பறவை முட்டையிடும். அவற்றில் பலவற்றை வருவாய்த்துறை ஏடுகள் தரிசு என்றும் அரசு நிலம் என்றும் குறித்து வைத்திருக்கின்றன. சூரிய ஒளி மின்பூங்காக்கள் வந்தன. அவற்றுக்கும் அந்த 2006 அறிவிக்கையின் ஆய்வு கிடையாது. பூங்காக்களைத் தொடர்ந்து கம்பிகள் வந்தன.

நாடகம் எழுதுகிறவன் நான். ஆகவே அந்த இடத்திலே ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கிறேன். அளவுகோலுடன் அதிகாரி வருகிறார். ஆட்டு மந்தையுடன் முதியவர் நிற்கிறார்.

“பெரியவரே, இது யார் நிலம்?”

“எங்கள் ஊர் ஓரண், ஐயா.”

“பட்டா உண்டா?”

“பாட்டன் காத்தான், அவன் பாட்டன் காத்தான், பட்டா கேட்டதில்லை, ஐயா.”

“ஏட்டிலே தரிசு என்றல்லவா இருக்கிறது?”

“இருக்கட்டும், ஐயா. என் ஆடு மேய்வது ஏட்டிலே அல்லவே, புல்லிலே!”

கற்பனைதான். ஆனால் அந்தக் கடைசி விடைக்கு மறுவிடை எந்த அலுவலகத்திலும் இல்லை. தெய்வம் காக்கிறது என்று அந்த முதியவர் சொல்லட்டும். தெய்வத்தின் பெயரைச் சொல்லி ஊரார் கூடிக் காத்தார்கள் என்று நாம் சொல்வோம். காத்தவர் யார் என்பதிலே கருத்து மாறுபடலாம். காக்கப்பட்டது என்பதிலே ஐயமில்லை! அதே மாநிலத்துக் கேஜர்லி என்னும் ஊரிலே, 1730இல், வன்னி மரங்களை வெட்ட வந்த அரசன் ஆட்களைத் தடுத்து, மரத்தைத் தழுவி நின்று, அமிர்தா தேவி முதலாக 363 பேர் தலைகொடுத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. மரத்துக்குத் தலை தந்த மண் அது. அந்த மண்ணைத்தான் ஏடு தரிசு என்கிறது!

அந்தப் புல்வெளியிலே ஒரு பறவை. கானமயில் என்பது அதன் தமிழ்ப் பெயர். பறக்கும் பறவைகளிலே மிக எடை மிகுந்தவற்றுள் ஒன்று; ஆண் பறவை 15 கிலோ வரை எடை காணும். ஒரு காலத்தில் தமிழகத்து வறண்ட புல்வெளிகளிலும் உலவிய பறவைதான். இன்று எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு; பெரும்பாலானவை தாரிலே. பொதுவாக ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டை, அதுவும் தரையிலே.

கம்பி எப்படி அதைக் கொல்கிறது? அதன் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. பக்கவாட்டிலே வரும் பகையை அது காணும். நேர் எதிரே உள்ள மெல்லிய கம்பி அதற்குத் தெரியாது. தெரியும்போது கம்பி அருகே வந்துவிடும். கனத்த உடலைத் திருப்ப நேரம் இராது. மோதும், வீழும், மாளும். இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 18 கானமயில்கள் மின்கம்பிகளால் மடிகின்றன. 150க்கும் குறைவாக உள்ளதிலே ஆண்டுக்குப் பதினெட்டு! தார்ப் பகுதியில் 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும், எல்லாப் பறவைகளையும் சேர்த்தால், ஆண்டுக்கு 84,000 அளவிலே மடிவதாக அதே நிறுவனம் மதிப்பிட்டது.

“பறவைக்காகவா இத்தனை பேச்சு?” என்று பரிகாசம் செய்வோர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். பறவையும் முதியவரும் ஒரே நிலத்தை நம்பியே வாழ்கிறார்கள். இருவரையும் கேளாமல்தான் கம்பி இழுக்கப்பட்டது. பறவை முதலில் விழுந்தது, அவ்வளவே.

வழக்கு எழுந்தது. காட்டுயிர்ச் சட்டத்தை உருவாக்கியதிலே பங்குகொண்ட முன்னாள் ஆட்சிப்பணி அதிகாரி எம்.கே. ரஞ்சித்சிங் உச்சநீதிமன்றம் சென்றார். 2021 ஏப்ரல் 19இல் நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளிலே தாழ்வழுத்தக் கம்பிகளை நிலத்தடியில் கொண்டுசெல்க, உயரழுத்தக் கம்பிகளுக்கு இயலுமா என்று குழு ஆராயட்டும் என்றது. டில்லி அரசு மீண்டும் நீதிமன்றத்தை அணுகியது. “2030க்குள் 500 ஜிகாவாட் புதைபடிவ எரிபொருளற்ற மின்திறன் என்று உலகுக்கு வாக்களித்திருக்கிறோம், ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டரில் எல்லாக் கம்பிகளையும் புதைக்க இயலாது” என்றது. 2024 மார்ச் 21இல் பழைய ஆணை தளர்த்தப்பட்டது. வல்லுநர் குழு அமைந்தது. 2025 டிசம்பரில், இராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டர், குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டர் என முதன்மைப் பகுதிகளை நீதிமன்றம் ஏற்றது.

அரசின் வாதத்தை நான் அற்பம் என்று தள்ளமாட்டேன். நிலக்கரிப் புகையைக் குறைக்கவேண்டும் என்பது மெய். அந்த 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவது குடிமகனின் உரிமை என்றும் உரைத்தது, அதை வரவேற்போம். மாறுதிசை மின்னோட்டத்தை நெடுந்தொலைவு நிலத்தடியில் அனுப்புவது கடினம் என்பதும் மெய். கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே மின்னூட்டம் ஏறி இறங்கி, தொலைவு கூடக்கூட, கம்பியின் தாங்குதிறனை அதுவே விழுங்கிவிடும். செலவோ பன்மடங்கு.

ஆனால் தோழர்களே, எல்லாம் நட்டு முடித்தபிறகு வந்து, “இனி இயலாது” என்பது யார் குற்றம்? கோபுரம் நடுமுன் ஆராய்ந்திருந்தால், பாதையைச் சற்றே விலக்கியிருக்கலாம். பல கம்பிகளை ஒரே தடத்திலே சேர்த்திருக்கலாம். எங்கே புதைப்பது, எங்கே தொங்கவிடுவது என்று தாளிலே தீர்மானித்திருக்கலாம். தாளிலே கோடு மாற்ற ஒரு பென்சில் போதும். தரையிலே கோபுரம் மாற்றக் கோடிகள் வேண்டும். முன்னாய்வு என்பது முட்டுக்கட்டை அன்று. பின்னால் வரும் இழப்புக்குப் போடும் தடுப்பணை!

இதற்குச் சான்று தேடி வடபுலம் போகவேண்டியதில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை, 800 கிலோவோல்ட் நேர்திசை மின்பாதை, ஏறத்தாழ 1,765 கிலோமீட்டர் வந்தது. கொங்கு வட்டாரத்து உழவர்கள், சாலையோரமாக நிலத்தடியிலே கொண்டுசெல்லுங்கள் என்று போராடினார்கள். நடக்கவில்லை, கோபுரங்கள் எழுந்தன. அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் பாதையிலோ, கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் நிலத்தடியிலே செல்கிறது! அங்கே அழுத்தம் 320 கிலோவோல்ட், நுட்பம் வேறு, அதை மறைக்கவில்லை. நான் கேட்பது இதுதான்: எந்த அழுத்தம், எந்த நுட்பம், எந்தப் பாதை என்று முடிவுசெய்த அன்று, இரண்டு ஊராரையும் ஒன்றுபோல் உட்காரவைத்துப் பேசியவர் உண்டா? முடிவு முடிந்தபின் வந்து, “நுட்பம் இடந்தரவில்லை” என்றால், அது நுட்பத்தின் குற்றமா, நேரத்தின் குற்றமா?

எந்த உரிமையிலே நிலத்துக்குள் நுழைகிறார்கள்? 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்த உரிமையிலே! வெள்ளையன் தந்திக்கம்பி இழுக்க எழுதிய சட்டம். அந்த அதிகாரத்தை மின்பாதைக்கும் வழங்கலாம் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு சொல்கிறது. 2013 ஜூலையிலே இந்நாட்டில் தந்திச்சேவையே நின்றுவிட்டது. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, பழைய தந்திச் சட்டத்தை நீக்க வகைசெய்தது. ஆனால் மின்பாதைக்கு மட்டும், அதன் மூன்றாம் பகுதி உயிரோடிருக்கும் என்று விலக்கும் எழுதிவைத்தது! தந்தி செத்தது, தந்திச் சட்டம் சாகவில்லை. நுழைய அதிகாரம் தரும் சட்டத்துக்குத் தரும் நீண்ட ஆயுளை, கேட்க உரிமை தரும் சட்டத்துக்குத் தரக்கூடாதா?

“ஆய்வு என்று தொடங்கினால் ஆண்டுகள் பல ஓடிவிடும், அமெரிக்காவைப் பார்” என்பார்கள். பார்ப்போம். அங்கே 1970 முதல், பொதுநிலத்தைக் கடக்கும் பெரிய மின்பாதைக்கு ஆய்வு வேண்டும் என்று சட்டம் உண்டு. நியூ மெக்சிகோவிலிருந்து அரிசோனாவுக்குச் செல்லும் ‘சன்சியா’ பாதை 2006இல் பேசப்பட்டது. 2015இல் ஒப்புதல் பெற்றது. பாதை மாற்றப்பட்டு 2023இல் மீண்டும் ஒப்புதல் பெற்றது. நெடிய காலந்தான். அத்தனைக்குப் பிறகும், தங்கள் முன்னோர் நிலத்தைப்பற்றித் தங்களைச் சரிவரக் கேட்கவில்லை என்று பழங்குடியினர் 2024இல் வழக்குத் தொடுத்தார்கள். இதிலே பாடம் இரண்டு. ஆய்வுக்குக் காலவரையறை வேண்டும் என்பது ஒன்று. கட்டுக்கட்டாகத் தாள் சேர்ப்பது ஆய்வன்று, அந்த மண்ணின் மனிதனைக் கேட்பதே ஆய்வு என்பது மற்றொன்று. மருத்துவர் காலந்தாழ்த்தினார் என்பதற்காக மருத்துவமே வேண்டாம் என்பானா அறிவுள்ளவன்?

இன்னொரு செய்தியும் எண்ணத்தக்கது. நீலகிரியின் கூடலூர்க் காட்டு மரங்களைப் பற்றி எழுந்த கோதவர்மன் வழக்கிலேதான், 1996இல், காடு என்றால் ஏட்டிலே எழுதியது மட்டுமன்று என்று உச்சநீதிமன்றம் உரைத்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியிலேதான், 2024 டிசம்பர் 18இல், இராஜஸ்தானத்து ஓரண்களை அளந்து காடாக அறிவிக்க ஆணை பிறந்தது. கூடலூர் மரத்துக்காகக் கேட்ட கேள்வி, ஜெய்சல்மேர் இடையனுக்குக் குடையாயிற்று! ஒரு மூலையிலே துணிந்து கேட்கும் கேள்வி வீணாவதில்லை.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை இவை. உயரழுத்த மின்பாதைகள் அந்த ஆய்வு அட்டவணையிலே இடம்பெறவேண்டும். ஒரே பாதையைக் காட்டிக் கையெழுத்துக் கேளாமல், மாற்றுப் பாதைகளையும், நிலத்தடி வழியையும், செலவுக் கணக்கோடு முன்வைக்க வேண்டும். மேய்க்காலும் மந்தைவெளியும், அவற்றை நம்பி வாழ்வோரும் கணக்கிலே ஏறவேண்டும். பாதை முடிவாகுமுன் ஊராட்சி மன்றம் பேசவேண்டும். அறிக்கை அந்த ஊர்மொழியிலே இருக்கவேண்டும். 2020இல் புதிய அறிவிக்கையின் வரைவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே டில்லி வெளியிட்டதையும், எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் தருக என்று டில்லி உயர்நீதிமன்றமே ஆணையிட நேர்ந்ததையும் மறக்கவேண்டாம். புரியாத மொழியிலே கருத்துக் கேட்பது, காது கேளாதவனுக்குச் சங்கு ஊதுவதை ஒக்கும்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். எனக்கே விளங்கும் இந்தச் சட்டங்கள், உங்களுக்கு விளங்காமல் போகா. அடுத்த முறை உங்கள் ஊர்ப் புறம்போக்கிலே அளவுச் சங்கிலியோடு ஒருவர் வந்தால், விரட்டாதீர்கள், அவர் ஊழியர். நீர்மோர் கொடுங்கள். கொடுத்துவிட்டு மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கிருந்து எங்கே போகிறது இந்தப் பாதை? வேறெந்தப் பாதைகளை ஆராய்ந்தீர்கள்? அந்த ஆராய்ச்சித் தாள் எங்கே? விடையை எழுதி வாங்குங்கள். விடை இல்லையேல், அதையே ஊராட்சிக் கூட்டத்திலே தீர்மானமாக எழுதுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். நாடாளுமன்றத்திலே கேட்கச் செய்யுங்கள்.

விளக்கு எரியட்டும், தோழர்களே! ஆலை ஓடட்டும், பம்புசெட் பாடட்டும், பள்ளிப் பிள்ளை இரவிலே படிக்கட்டும். வெளிச்சம் வேண்டும் என்பதற்காகவே நாம் பேசுகிறோம். அந்த வெளிச்சத்தில் ஒரு கீற்று, அது கடந்துவரும் நிலத்தின் மீதும் விழவேண்டும், அதைத்தான் கேட்கிறோம்.