ராத்தாவின் இரண்டாவது படிப்பு

சென்ற தவணையில் எங்கள் உயிரியல் ஆசிரியை, "டொக்டராக விருப்பமுள்ளவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார். ஏறத்தாழ வகுப்பு முழுவதும் கையை உயர்த்தியது. "தாதியாக?" என்று அடுத்துக் கேட்டார். ஒரு கைகூட உயரவில்லை. என் கையும் மேசைக்குக் கீழேதான் இருந்தது. என் சொந்த ராத்தா ஒரு தாதி. அன்று பின்னேரம் வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ராத்தா ஆறு வருடங்களாக ஒரு தனியார் வைத்தியசாலையில் வேலை செய்கிறார். இரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். மச்சானும் அவர்களும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். கடந்த வருடம் ராத்தா சுகாதார முகாமைத்துவப் பட்டப்படிப்பு ஒன்றில் ஒன்லைனில் சேர்ந்தார். செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். "நோயாளியைப் பார்க்கிற வேலை அலுத்துப் போச்சா?" என்பது ஒன்று. "போனுக்குள்ள படிக்கிறதும் ஒரு படிப்பா?" என்பது மற்றது.

முதலாவது கேள்வி எனக்குக் கோபத்தைத் தந்தது. நிர்வாகம் வேறு, நோயாளியைப் பராமரிப்பது வேறு என்ற நினைப்பில் எழுந்த கேள்வி அது. மதீனாவில் பள்ளிவாசலோடு கூடாரம் அமைத்து, அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களைப் பராமரித்த ருஃபைதா (ரழி) அவர்களைப் பற்றி இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். காயத்துக்குக் கட்டுப் போடத் தெரிந்தால் மட்டும் ஒரு கூடாரத்தை நடத்திவிட முடியுமா? தண்ணீர், துணி, ஆட்கள் என்று எல்லாவற்றையும் யாராவது ஒழுங்குபடுத்தத்தானே வேண்டும். 1854 இல் ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குப் போன புளோரன்ஸ் நைட்டிங்கேலை எல்லோரும் விளக்கோடுதான் நினைக்கிறார்கள். காயத்தால் இறந்த சிப்பாய்களை விட, தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவர்களே அதிகம் என்பதை வரைபடம் போட்டுக் காட்டியவரும் அவர்தான். 1858 இல் இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. கணக்குப் பார்த்ததால் அவர் தாதி இல்லாமல் போய்விடவில்லை.

ராத்தாவின் படிப்பிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். அவருடைய வாட்டில், "வீட்டுக்குப் போகலாம்" என்று டொக்டர் காலையில் சொன்ன நோயாளி, பல நாட்களில் அஸர் நேரமாகியும் கட்டிலில்தான் இருப்பார். புதிய நோயாளி கீழே கதிரையில் காத்திருப்பார். இரண்டு குடும்பத்தின் ஏச்சும் வாட்டில் நிற்கும் தாதிக்குத்தான். ஓர் ஒப்படைக்காக ராத்தா மூன்று கிழமைகள் ஒரு சின்னக் கொப்பியில் நேரங்களைக் குறித்தார். டொக்டர் சொன்ன நேரம், பாவிக்காத மருந்து மருந்தகத்துக்குத் திரும்பிய நேரம், பில் வந்த நேரம், கட்டில் காலியான நேரம். பில் போடுபவர்களில்தான் பிழை என்று வாட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். கொப்பியைப் பார்த்தால், மிச்ச மருந்தை வாட்டில் ஒரு தடவையும் மருந்தகத்தில் இன்னொரு தடவையும் எண்ணுவதில்தான் நேரம் போயிருந்தது. அந்த எண்ணிக்கை முடியாமல் பில் போட முடியாது. முதல் நாள் இரவு வேலையில் இருப்பவர்களே மிச்ச மருந்தை எண்ணி அனுப்பினால் என்ன என்று எழுதிக் கொடுத்தார். அதை இப்போது ஒரு வாட்டில் மட்டும் செய்து பார்க்கிறார்கள்.

ஆறு வருடங்கள் அந்த ஏச்சைக் கேட்ட ஒருவருக்குத்தான் எந்த நேரங்களைக் குறிக்க வேண்டும் என்று தெரியும். ஒஃபீஸ் அறையில் இருந்துகொண்டு அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இரண்டாவது கேள்வியை நான் அவ்வளவு இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஊசி போடவும் புண்ணைச் சுத்தம் செய்யவும் போனில் படிக்க முடியாது. அதற்குத் தாதியர் கல்லூரியில் மூன்று வருடங்கள் வாட்டுக்களில் நின்றுதான் பழக வேண்டும். உயர்தரம் முடித்த கையோடு என்னைப் போல ஒருத்தி வைத்தியசாலை முகாமைத்துவத்தை ஒன்லைனில் படித்தால் அது வெறும் சொற்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ராத்தாவுக்கு அப்படியில்லை. இரவு எட்டு மணிக்குப் படித்ததை மறுநாள் காலை ஏழு மணிக்கு வாட்டில் உரசிப் பார்க்கிறார். அவருடைய ஆய்வுகூடம் அவர் வேலை செய்யும் இடமே. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 இலேயே வேலை செய்யும் தாதியருக்குத் தொலைக்கல்வி மூலம் தாதியியல் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. ஆகவே தூரத்திலிருந்து படிப்பது இந்த நாட்டுத் தாதியருக்குப் புதிய கூத்தல்ல.

ஆனால் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குப் பயம் வருகிறது. பட்டம் கையில் வந்த உடனே பணிப்பாளர் கதிரை தயாராக இருக்கும் என்பது போலச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நமது அரச வைத்தியசாலைகளின் பணிப்பாளர்கள் மருத்துவ நிர்வாகத்தில் பயிற்சி பெற்ற டொக்டர்கள். தாதியருக்கு அங்கே வாட்டு சிஸ்டர், மேற்றன் என்று வேறு படிகள் உண்டு. தனியார் வைத்தியசாலைகளில் தரப் பராமரிப்பு, நோயாளர் சேவை, வாட்டு முகாமைத்துவம் போன்ற இடங்கள் இருக்கின்றன, அங்கும் போட்டி இருக்கிறது. எனவே காசு கட்டுவதற்கு முன்னர், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா, வேலை செய்யும் இடம் அதை ஏற்குமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். ராத்தா இரண்டையும் கேட்டார். இரண்டாவதற்குப் பதில் வர இரண்டு மாதங்கள் எடுத்தது!

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதைவிடச் சின்ன விடயம். என் நானா டியூஷன் வகுப்புக்குப் போன காலத்தில் வீடே அவருக்காக அமைதியாக இருந்தது. உம்மா தேத்தண்ணியை மேசைக்கே கொண்டுபோய் வைப்பார். ராத்தாவின் வகுப்பு போனுக்குள் நடப்பதால் அது யாருடைய கண்ணுக்கும் வகுப்பாகத் தெரிவதில்லை. "மகள், புள்ள அழுகுது, அந்தப் போன வெச்சிட்டு வாங்களேன்" என்று உம்மா கூப்பிடுவார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் கெமராவை மூடிவிட்டு எழுந்து போவார். பகல் ஒரு மணி முதல் ஏழு மணி வரை வாட்டில் நின்றுவிட்டு வந்த மனுசி. நானும் நல்லவள் இல்லை. "ராத்தா, எனக்கு நாளைக்கு டெஸ்ட் இருக்கு" என்று சொல்லி எத்தனையோ தடவை பிள்ளையை அவர் மடியிலேயே விட்டிருக்கிறேன். அவருக்கும் அடுத்த நாள் டெஸ்ட் இருந்திருக்கலாம். நான் கேட்டதில்லை.

இப்போது செவ்வாயும் வியாழனும் எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை பிள்ளை என் பொறுப்பு. அறைக் கதவு பூட்டியிருக்கும். முதல் கிழமை உம்மா இரண்டு தடவை கதவைத் தட்டினார். இந்தக் கிழமை தட்டவில்லை.

போன வெள்ளிக்கிழமை, இசட் புள்ளி போதாமல் போனால் மருத்துவத்துக்கு இரண்டாம் தடவை எடுக்காமல் தாதியியலுக்கு விண்ணப்பிக்கப் போவதாக வாப்பாவிடம் சொன்னேன். "ராத்தாவப் பாத்துட்டா சொல்றீங்க?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அவ படிக்கிறத முடிக்கட்டும், பொறகு கதைப்பம்" என்றார். ராத்தாவுக்கு இன்னும் ஒன்றரை வருடங்கள் இருக்கின்றன. எனக்குப் பரீட்சைக்கு அவ்வளவு காலம் இல்லை.