பழவேற்காடு மீன் குஞ்சுகளும் தாமிரக் கழிவு வரம்பும்

தாமிரக் குழாய்களைப் பெருமளவில் பயன்படுத்தும் ஏ.சி. தயாரிப்பு ஆலைகள், திருப்பதி மாவட்டம் ஸ்ரீ சிட்டியில் இயங்குகின்றன. அருகிலேயே மீனவர்களின் வாழ்வாதாரமான பழவேற்காடு ஏரி உள்ளது.

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் பொது வரம்புப்படி, நீர்நிலையில் விடப்படும் ஆலைக் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் தாமிரம் வரை இருக்கலாம். கலந்ததும் நீர்த்துவிடும் என்பது கணக்கு. ஆனால், அமெரிக்க ஆய்வுகளில் லிட்டருக்கு சில மைக்ரோகிராம் தாமிரமே நன்னீர் சால்மன் குஞ்சுகளின் மோப்பத்திறனைக் குன்றச் செய்தது. மோப்பம் இழந்த குஞ்சு, இரைதேடி வரும் பெரிய மீனை உணராது. உடலில் தாமிரம் சேரும்போது, அதைப் பிணைக்கும் மெட்டலோதயோனீன் புரதத்துக்கான மரபணுவின் செயல்பாடு உயரும். மீன்கள் செத்து மிதப்பதற்கு வெகுமுன்பே தெரியும் அறிகுறி இது.

உவர்நீரில் தாமிரத்தின் நச்சு குறைவு என்பது உண்மையே. எனினும், வடகிழக்குப் பருவமழையின்போது ஆரணி, காளங்கி ஆறுகளின் வெள்ளம் புகுந்து ஏரியின் உவர்ப்பு தணிகிறது. அப்போது குஞ்சுகளையே சோதிக்காமல், கழிவுநீர் மாதிரியை மட்டும் நம்புவது போதாது.