சிவப்பை அமுக்கு

2022 மார்ச்சில் ஹாம்பர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏடிஎம்மில் திருவொற்றியூர்க்காரன் ஒருவன் ஏமாந்தான். ஊர் தெரியாதவன், பாஷை தெரியாதவன் என்று பரிதாபப்பட வேண்டாம். மெஷின் அவனிடம் ஆங்கிலத்தில்தான் பேசியது. அதைப்போன்ற திரைகளை எழுதித்தான் அவன் சம்பளம் வாங்குகிறான். அந்த ஆள் நான்தான்.

வேலைக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஜெர்மனியில் முகவரியைப் பதிவு செய்யாமல் வங்கிக் கணக்கு திறப்பது கஷ்டம். கணக்கு இல்லாமல் வாடகைக்கு வீடு கிடைப்பது அதைவிடக் கஷ்டம். இந்த வட்டத்தை உடைக்கும்வரை ஊர்க் கணக்கின் டெபிட் கார்டுதான் சோறு போடும். 200 யூரோ கேட்டேன். உடனே பணம் தராமல் மெஷின் ஒரு கேள்வி கேட்டது. உங்கள் சொந்த நாணயத்திலேயே கணக்கு வைத்துக்கொள்ளட்டுமா? கீழே பெரிய எழுத்தில் ரூபாய்த் தொகை, கிட்டத்தட்ட 18,800. பக்கத்தில் பச்சையில் 'ஏற்கிறேன்', சிவப்பில் 'மறுக்கிறேன்'.

ஒன்பது நாளாக எல்லாவற்றையும் மனசுக்குள் 84-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்த ரூபாய்க் குறியைப் பார்த்ததும் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. பச்சையை அமுக்கினேன். ரூமுக்குப் போய் கால்குலேட்டரை எடுத்தபோதுதான் தெரிந்தது. 200 யூரோ அன்றைக்குப் பதினாறாயிரத்து எண்ணூறு சொச்சம். இரண்டாயிரம் ரூபாயை ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதற்காகக் கொடுத்திருக்கிறேன்.

இதற்குப் பெயர் டைனமிக் கரன்சி கன்வர்ஷன். சாதாரணமாக வெளிநாட்டில் பணம் எடுத்தால் உள்ளூர் நாணயத்தை ரூபாயாக மாற்றும் வேலை கார்டு நெட்வொர்க்கும் நம் வங்கியும் பார்ப்பது. பச்சையை அமுக்கினால் அந்த வேலை மெஷின்காரன் கைக்குப் போகிறது. விலை அவன் வைப்பதுதான். சந்தை விலைக்கு மேல் பத்து சதவீதம் வைத்தாலும் கேட்க ஆளில்லை, ஏனென்றால் நீங்கள்தான் 'ஏற்கிறேன்' என்று சொல்லிவிட்டீர்களே. வாடிக்கையாளருக்குத் தேர்வு தர வேண்டும் என்பது கார்டு நெட்வொர்க்குகளின் விதி. தேர்வு தரப்பட்டது. எல்லாம் சட்டப்படி.

என் கோபம் அந்த விலைமேல் இல்லை. வட்டிக்கடையும் பார்த்திருக்கிறேன், பர்மா பஜாரும் பார்த்திருக்கிறேன். அதிக விலை சொல்வது குற்றமில்லை. என் கோபம் அந்தச் சிவப்புப் பொத்தான்மேல்.

நம் ஊரில் 'டிக்ளைன்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? கார்டில் பணமில்லை. பின்னால் க்யூவில் நிற்பவன் எட்டிப் பார்க்கிறான். பில் போடும் பெண் கார்டை நீட்டி "சார், டிக்ளைன்னு வருது" என்கிறாள். குடும்பத்தில் முதன்முதலாக ஏடிஎம் கார்டு வாங்கியவனுக்கு அந்த வார்த்தையில் ஓர் அவமானம் ஒட்டியிருக்கிறது. மெஷின் அதே வார்த்தையைச் சிவப்பில் வைத்துவிட்டு, நீயே அதை அமுக்கு பார்ப்போம் என்கிறது. மறுத்தால் கன்வர்ஷன் மட்டும்தான் ரத்தாகும், பணம் வரும் என்று பெரிய எழுத்தில் சொல்வதில்லை. சொன்னால் வியாபாரம் படுத்துவிடும்.

என்னோடு பள்ளியில் படித்த எண்ணூர்க்காரன் ஒருவன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். கப்பல் ஹாம்பர்க் வந்தபோது சில மணி நேரம் பார்த்தோம். என் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"மச்சான், நான் எப்பவும் பச்சதான்டா அமுக்குவேன். செவப்ப அமுக்குனா கார்ட முழுங்கிடும்னு சொன்னானுங்க. நைட்டு கப்பல் கெளம்பிடும். முழுங்கிட்டா யாராண்ட போய்க் கேக்கறது?"

எத்தனை வருடமாக என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனும் கணக்குப் போட்டிருப்பான்.

அந்தக் கணக்கை இங்கே போடுவோம். யூரோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலுமி ஒருவன் 50 யூரோ எடுக்கிறான், 4,500 ரூபாய். மெஷின்காரன் கட்டணம் 5 யூரோ, ஆக 4,950. கன்வர்ஷனில் பத்து சதவீதம், 5,445. ஊர் வங்கி வெளிநாட்டு ஏடிஎம் பயன்பாட்டுக்கு 150 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போட்டால் 177. மொத்தம் 5,622. கையில் வந்ததில் நாலில் ஒரு பங்கு மேலதிகமாகப் போகிறது. சிவப்பை அமுக்கியிருந்தால்? ஊர் வங்கி தன் பங்குக்கு மூன்றரை சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் போடும், அப்போதும் சுமார் 290 ரூபாய் மிச்சம். மெஷின் கட்டணமும் வங்கியின் 150-ம் எடுக்கும் தொகையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. 500 யூரோ எடுப்பவனுக்கு அவை தூசு. 50 எடுப்பவனுக்குக் கல்.

"ஃபாரெக்ஸ் கார்டு எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?" என்று ஐடி நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விவரம் தெரிந்தவன் தப்பித்துக்கொள்ளலாம் என்பது அதற்கு அர்த்தம். அப்படியானால் இது விவரம் தெரியாதவன்மேல் போடப்படும் வரி. கவலைப்பட நேரமில்லாத சுற்றுலாக்காரன், முதல் மாதத்து மாணவன், சில மணி நேரம் கரையேறும் மாலுமி, இவர்களிடம்தான் அது வசூலாகிறது. நம்மிடம் வசூலாகாததால் நாம் அதைக் கட்டணம் என்று மரியாதையாகச் சொல்கிறோம்.

"பாதுகாப்பு முக்கியம் இல்லையா?" முக்கியம்தான். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. புதிதாகத் தரப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும், வெளிநாட்டில் வேண்டுமென்றால் வாடிக்கையாளர் தானே திறந்துகொள்ள வேண்டும். திருட்டைத் தடுக்க நல்ல உத்தரவு. ஆனால் அங்கே போனபிறகு அதைத் திறக்க, பல சமயம் ஓடிபி வரும் இந்திய சிம் வெளிநாட்டில் உயிரோடு இருக்க வேண்டும். திருடனுக்கு எதிராக இத்தனை பூட்டுப் போடத் தெரிந்தவர்களுக்கு, பச்சைப் பொத்தான்காரனைப் பற்றி ஒரு வரி எஸ்எம்எஸ் அனுப்பத் தோன்றவில்லை. "நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். ரூபாயில் வேண்டாம், உள்ளூர் நாணயத்தில் எடுங்கள்." இதற்கு எத்தனை எழுத்து?

ஐரோப்பாவில் இதற்குச் சட்டமே உண்டு. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது. கன்வர்ஷனில் எவ்வளவு அதிகம் எடுக்கிறாய் என்பதை ஐரோப்பிய மத்திய வங்கியின் விலையோடு ஒப்பிட்டு, சதவீதமாக, முன்கூட்டியே காட்டு என்றது. நல்ல விதி. ஆனால் எழுதியவர்கள் மனதில் இருந்தவர் ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் குடிமகன். எண்ணூர் மாலுமி இல்லை.

இது இயற்கை விதி ஒன்றுமில்லை. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யூபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்தார்கள். போன் வழியாகவே இரு நாட்டுக்கும் இடையே பணம் போகிறது. மனது வைத்தால் வழியுண்டு.

என் ஆயா காசிமேட்டில் ஏலம் எடுத்துக் கூடையில் மீன் விற்றவர். விடியுமுன் நடக்கும் அந்த ஏலத்தில் விலை கத்திச் சொல்லப்படும். எடுப்பவனுக்கும் கேட்கும், எடுக்காதவனுக்கும் கேட்கும், சும்மா நிற்கும் என்னைப் போன்ற பேரனுக்கும் கேட்கும். "காதாண்ட வந்து வெல சொல்றவன்கிட்ட வாங்காதடா" என்பார். மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்தி விரல்பிடித்து விலை பேசுவார்களே, அது ரகசியம் ஆயிற்றே என்று கேட்கலாம். அங்கேயும் துண்டுக்குள் இரண்டு கை இருக்கிறது. இரண்டு பேருக்கும் விலை தெரியும். ஹாம்பர்க் மெஷினில் துண்டுக்குள் ஒரு கைதான் இருந்தது.

அந்தக் கை யாருடையது? இங்கேதான் எனக்கு வாய் அடைக்கிறது. சில வருடங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்துக்காக ஒரு பேமெண்ட் திரையில் வேலை செய்தேன். கூடுதல் காப்பீடு வேண்டுமா என்ற கேள்வி. 'வேண்டாம்' என்பதைச் சாம்பல் நிறமாக்கினோம், எழுத்தைச் சின்னதாக்கினோம். பாதிப் பேருக்குப் பழைய திரை, பாதிப் பேருக்குப் புதியது. புதியதில் அதிகம் பேர் 'வேண்டும்' என்றார்கள். மீட்டிங்கில் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு கேக் வந்தது, தின்றேன்.

அதனால் பொறியாளர்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். 'மறுக்கிறேன்' என்று எழுதாதே, 'யூரோவிலேயே எடு' என்று எழுது. இரண்டு தொகையையும் ஒரே அளவு எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் வை. பாரிமுனைப் பண மாற்றுக் கடைப் பலகையில்கூட வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு பத்தி இருக்கிறது. வங்கிகள் பணம் எடுத்ததும் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் என்ன விலைக்கு மாற்றினார்கள், மேலே எவ்வளவு போட்டார்கள், ஜிஎஸ்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டட்டும். சின்னத் தொகைக்கு நிலையான கட்டணத்தை ஒழிக்கட்டும்.

அவர்கள் செய்யும்வரை காத்திருக்க முடியாது. போன மாதம் ஒரு ஏடிஎம் திரையைப் போட்டோ எடுத்து, சிவப்புப் பொத்தானைச் சுற்றி வட்டம் போட்டு, எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே எழுதியது இவ்வளவுதான். "இத அமுக்கு. காசு வரும். கார்டும் வரும்."

இரண்டு நாள் கழித்து எண்ணூர்க்காரன் எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து பதில் போட்டான். "வந்துச்சுடா."