சுவரில் தொங்கும் மருந்தாளுநர்

மருந்துக்கடைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துள், மருந்தாளுநர் ஒருவரின் பெயர் தொங்குகின்றது. அப் பெயர்க்குரியவர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் அவர் வருவதேயில்லை. அவர்தம் சான்றிதழ் மட்டும் திங்கள்தோறும் குடிக்கூலி பெறுகின்றது!

என் தமக்கையார்க்கு மூட்டுநோய். மருத்துவர் இரண்டு மாத்திரைகள் எழுதித் தந்தார். ஒன்று மெத்தோட்ரெக்சேட்டு, கிழமைக்கு ஒருநாள் மட்டுமே உண்ணத் தக்கது. மற்றொன்று அதன் தீங்கைத் தணிக்கும் துணைமருந்து. ஏனை ஆறு நாளும் உண்பது. இரண்டும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகள். கடையில் நின்ற சிறுவன் (17 அகவையும் இராது) உறைகளைக் குறிக்கும்பொழுது மாற்றிக் குறித்துவிட்டான். மருந்தட்டையிலோ முழுவதும் ஆங்கிலம், அதுவும் எறும்பெழுத்து. தமக்கையார் தமிழ் நன்கு கற்றவர், கற்றும் பயனென்ன? 10ஆம் நாள் வாயெல்லாம் புண். குருதியில் வெள்ளணுக்கள் குன்றின. 12 நாள் மருத்துவமனையிற் கிடந்து மீண்டார். அச் சிறுவனை நான் நோகவில்லை. பெட்டிக்கடையில் நிறுத்துவதுபோல் அவனை அங்கு நிறுத்தியவரையே நோகின்றேன்.

சட்டம் இல்லையா? 1945ஆம் ஆண்டின் மருந்து நெறிமுறைகள், மருத்துவர் எழுதிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரோ அவர்தம் நேர்க்கண்காணிப்பிற் பிறரோதாம் தரவேண்டும் என்கின்றன. 1948ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டமும் அதனையே வலியுறுத்துகின்றது. நுண்ணுயிர்க்கொல்லிகள் சிலவும் என்புருக்கிநோய் மருந்துகளும் அடங்கிய எச்-1 பட்டியல் 2014 மார்ச்சு முதல் நடப்பில் உள்ளது. அவற்றை எழுதியவர், வாங்கியவர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டிற் குறித்து 3 ஆண்டு காக்கவேண்டும். 2015ஆம் ஆண்டின் நெறிமுறைகளோ, உண்ணும் முறையை நோயர்க்கு எடுத்துரைப்பதையும் மருந்தாளுநரின் பணியாக்கின. நோயர் அறிந்த மொழியிலன்றோ எடுத்துரைக்க முடியும்?

1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகட்கு மருந்தை மொத்தமாய் வாங்கி வழங்கும் முறை பாராட்டத்தக்கது. ஆயினும், வந்த மருந்து சாளரத்தின் வழியே கைம்மாறும்பொழுது, நீண்ட வரிசையில் ஒருவர்க்கு அரை நிமையமும் வாய்ப்பதில்லை. அங்கும் ஆள் வேண்டும்.

ஆய்வாளர்கள் சான்றிதழைப் பார்த்தது போதும், ஆளைப் பார்க்கட்டும். ஆள் இல்லாத வேளையில் மருத்துவர் சீட்டுக்கு மருந்து தரும் கடையின் உரிமத்தை நிறுத்தி வைக்கட்டும். பெயரைக் குடிக்கூலிக்கு விடுபவரின் பதிவும் நீக்கப்பெறட்டும். மருந்துறைதோறும் உண்ணும் நாளும் வேளையும் தமிழில் எழுதப்பெறல் வேண்டும். 'ஞாயிறு மட்டும்' என்னும் இரண்டு சொற்களை எழுத எவ்வளவு பொழுதாகும்?