மார்க்கா, பணப்பையா?

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில், ஷிப்டுக்குப் போகும் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "மார்க் குறைந்த பிள்ளை டாக்டரானால் நோயாளி கதி என்ன?"

நியாயமான கேள்விதான். எந்த மார்க்கில் உள்ளே நுழைந்தாலும் எம்.பி.பி.எஸ். பரீட்சை எல்லோருக்கும் ஒன்றே. அதில் தேறாதவர் டாக்டராக முடியாது, தோழரே.

தகுதி, திறமை என்று ஓலமிடும் கனவான்களின் யோக்கியதையைப் பாருங்கள். 2017-ல் பிளஸ் டூ பரீட்சையில் 1200-க்கு 1176 வாங்கினார் அரியலூர் மாவட்டத்து அனிதா. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். நீட்டில் 86. இடமில்லை என்றார்கள். அந்தப் பெண்ணையே இழந்தோம்.

2023-ல் பொதுப் பிரிவினருக்கு நீட் தேர்ச்சி மார்க் 720-க்கு 137. அதை வைத்துக்கொண்டே, ஆண்டுக்குப் பல லட்சம் கொட்டக்கூடியவருக்குத் தனியார் காலேஜ் கதவு திறக்க வழியுண்டு. அதே ஆண்டு மேல்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்தன. மத்திய சர்க்கார் என்ன செய்தது? பரீட்சை எழுதிய அனைவரும் தகுதியுள்ளவர் என்று அறிவித்தது! நோயாளியின் கதி பற்றி அப்போது இந்தக் கனவான்கள் ஓலமிட்டதாக நமக்கு நினைவில்லை.

சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் 7.5 சத உள் ஒதுக்கீடு வந்தது. லேசான வெற்றியல்ல. ஆனால் நீதிபதி கலையரசன் குழு சொன்னது 10 சதம். அந்த நவம்பரில், இடம் கிடைத்தும் தனியார் காலேஜ் கட்டணம் கட்ட வழியின்றிச் சில பிள்ளைகள் திரும்பினார்கள். கூக்குரல் எழுந்த பிறகே தமிழக சர்க்கார் கட்டணத்தை ஏற்றது. வெட்டப்பட்ட அந்த 2.5 சதத்தையும் நாம் கேட்டு வாங்கியாக வேண்டும்.