மேப் ஹேங் ஆனாலும் ஸ்பீடோமீட்டர் நிற்கக்கூடாது... ஒரே சிப்பில் இரண்டையும் பிரிக்கும் ‘ஹைப்பர்வைசர்’ எப்படி வேலை செய்கிறது?

காரில் போகும்போது மேப் ஹேங் ஆனால் எரிச்சல் வரும். அதே நேரத்தில் ஸ்பீடோமீட்டரும், பிரேக் கோளாறைச் சொல்லும் எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து ஹேங் ஆனால்? அது எரிச்சலோடு முடியாது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இப்போது வரும் பல கார்களில் இந்த இரண்டு திரைகளையும் ஓட்டுவது ஒரே சிப்தான். ஒன்று விழுந்தால் மற்றொன்று விழாமல் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இதற்குப் பின்னால் இருக்கும் இரண்டு பெயர்கள்: ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம், பார்ட்டிஷனிங் ஹைப்பர்வைசர். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிமையானது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

ஜன்னல் கண்ணாடிக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று என்று காருக்குள் பல சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. விலை உயர்ந்த கார்களில் இந்த எண்ணிக்கை 100-ஐத் தொடும். ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனிச் செலவு, தனி எடை. அதனால் பலவற்றைச் சேர்த்துச் சில பெரிய கம்ப்யூட்டர்களாக மாற்றும் வேலையில் கார் நிறுவனங்கள் இறங்கியிருக்கின்றன.

இன்னொரு பக்கம் விதிகளும் இறுகுகின்றன. ஐ.நா.வின் 155-வது வாகன ஒழுங்குமுறை, காரின் சைபர் பாதுகாப்பைக் கட்டாயமாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் தயாராகும் புதிய கார்கள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

ரியல் டைம் ஓ.எஸ். அப்படின்னா என்ன?

வேகமான ஓ.எஸ். என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது நேரம் தவறாத ஓ.எஸ். உங்கள் போன் சராசரியாக வேகமாக இருக்கும், எப்போதாவது அரை நொடி திணறும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏர்பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. மோதல் நடந்த சில பத்து மில்லி விநாடிகளுக்குள் விரிந்தாக வேண்டும். ‘பெரும்பாலும் சரியாக வரும்’ என்ற பதில் அங்கே செல்லாது.

அதனால் ரியல் டைம் ஓ.எஸ்.ஸில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. முக்கியமான வேலை வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண வேலை உடனே ஒதுங்கி வழிவிடும். கியூ.என்.எக்ஸ்., வி.எக்ஸ்.வொர்க்ஸ், ஃப்ரீ ஆர்டாஸ், செஃபிர் எல்லாம் இந்த வகைதான். சுமார் 20 ஆண்டு உழைப்புக்குப் பிறகு லினக்ஸிலும் ரியல் டைம் வசதி 2024 செப்டம்பரில் முழுமையாகச் சேர்ந்தது.

முன்னுரிமை கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம், திடீர் திடீரென ரீசெட் ஆனது. காரணம் இதுதான்: வானிலைத் தகவல் சேகரிக்கும் ஒரு சாதாரண வேலை, பொதுவான ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பூட்டுக்காக முக்கியமான வேலை காத்து நின்றது. அந்த நேரம் பார்த்து நடுத்தர முன்னுரிமை கொண்ட வேலைகள் புகுந்து, பூட்டு வைத்திருந்ததை ஓடவிடாமல் தடுத்தன. முக்கிய வேலை முடியவில்லை என்று கண்டதும், கலமே தன்னை ரீசெட் செய்துகொண்டது.

தீர்வு ரொம்பச் சின்னது. பூட்டு வைத்திருக்கும் வேலைக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன் கொடுக்கும் ஒரு செட்டிங். அது அணைந்து கிடந்தது. பூமியில் இருந்தபடியே அதை ஆன் செய்தார்கள்.

ஹைப்பர்வைசர் என்ன செய்கிறது?

ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே காம்பவுண்டுக்குள் நாலு குடும்பம். வீட்டுக்காரர் கறாரானவர். யாருக்கு எந்த அறை, யாருக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுவார். உங்கள் நேரத்தில் நீங்கள் பிடிக்காவிட்டாலும் அது உங்கள் நேரம்தான், அடுத்தவருக்குப் போகாது.

பார்ட்டிஷனிங் ஹைப்பர்வைசர் அந்த வீட்டுக்காரர். ஒரே சிப்பில் ஒரு பக்கம் ஆண்ட்ராய்டு, இன்னொரு பக்கம் ரியல் டைம் ஓ.எஸ். ஓடும். இந்த மெமரி இவருக்கு, அந்தப் பிராசசர் கோர் அவருக்கு என்று முன்கூட்டியே பிரித்துவிடும். ஆண்ட்ராய்டு பக்கம் மேப் செயலி படுத்துவிட்டாலும், ஸ்பீடோமீட்டரின் அறைக்குள் அதனால் கால் வைக்க முடியாது.

கிளவுட் நிறுவனங்கள் பயன்படுத்தும் ஹைப்பர்வைசரின் நோக்கம் வேறு. சும்மா இருக்கும் இடத்தை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்து, சர்வரை நிரப்புவதுதான் அங்கே லாபம். இங்கே இடம் வீணானாலும் பரவாயில்லை, உறுதி குலையக்கூடாது.

இது கார்களுக்குப் புதிது, விமானங்களுக்குப் பழையது. ஒரே கம்ப்யூட்டரில் பல விமான மென்பொருள்களை இப்படிப் பிரித்து ஓட்டுவதற்கான ஏரிங்க் 653 தரநிலை 1990-களிலேயே வந்துவிட்டது. போயிங் 787-இன் மையக் கம்ப்யூட்டர் அமைப்பு இந்த முறையில்தான் இயங்குகிறது.

சுவர் கட்டினால் மட்டும் போதுமா?

போதாது என்பதை 2015 ஜூலையில் உலகமே பார்த்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நெடுஞ்சாலையில் வயர்ட் இதழின் செய்தியாளர் ஓட்டிய ஜீப் செரோக்கியை, சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறொரு இடத்தில் லேப்டாப்புடன் உட்கார்ந்தபடி கட்டுப்படுத்திக் காட்டினார்கள். செய்தியாளரின் சம்மதத்தோடு நடந்த சோதனை அது. ரேடியோ அலறியது, வைப்பர் தானாக ஓடியது, பிறகு நடுரோட்டில் வண்டியின் வேகமே செத்தது.

பாட்டு கேட்கும் திரையில் இருந்து எஞ்சின் வரை எப்படிப் போனார்கள்? அந்தத் திரைக்கும் காரின் உள் நெட்வொர்க்குக்கும் நடுவில் ஒரு தனிச் சிப் காவலாக இருந்தது. ஆனால் அந்தக் காவல்காரச் சிப்பின் மென்பொருளைத் திரையின் பக்கம் இருந்தே மாற்றி எழுத முடிந்தது. மாற்றுவது யார் என்று அது சரிபார்க்கவில்லை. சுவர் இருந்தது, கதவுக்குப் பூட்டு இல்லை. சுமார் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அறைகள் தனித்தனி என்றாலும் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். சிப்புக்குள் எல்லா கோர்களும் மெமரிக்குப் போகும் வழியும் கேச்சும் பெரும்பாலும் பொது. ஒருவர் குழாயை முழுதாகத் திறந்தால் அடுத்த வீட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மெமரியைப் பிரித்த பிறகும் நேரம் தவறலாம். விமானப் பாதுகாப்பு அமைப்புகள் மல்டி கோர் சிப்களுக்குத் தனியாகச் சான்று கேட்பதற்கு இதுதான் காரணம்.

கத்துக்கணும்னா எங்கே தொடங்கலாம்?

இன்ஜினியரிங் மாணவர்களும் இந்தத் துறைக்கு மாற நினைப்பவர்களும் கவனிங்க. தொடங்கப் பைசா செலவு இல்லை, போர்டு வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் படி: செஃபிர் இலவச, ஓப்பன் சோர்ஸ் ஓ.எஸ். கியூஎமு என்ற எமுலேட்டரில் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். மூன்று முன்னுரிமைகளில் மூன்று வேலைகள் எழுதி, பாத்ஃபைண்டருக்கு வந்த சிக்கலை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். பூட்டாக செமஃபோர் வைத்தால் முக்கிய வேலை மாட்டிக்கொள்ளும். அதை மியூடெக்ஸாக மாற்றினால், முன்னுரிமைக் கடன் கிடைத்துச் சரியாகும்.

இரண்டாவது படி: ரியல் டைம் வசதியை ஆன் செய்த லினக்ஸில் சைக்ளிக்டெஸ்ட் என்ற கருவியை ஓட்டுங்கள். கம்ப்யூட்டருக்கு வேறு வேலைகளைக் கொடுத்துத் திணறவைத்துக்கொண்டே அளக்க வேண்டும். வரும் எண்களில் சராசரியை விட்டுவிடுங்கள், அதிகபட்சத் தாமதத்தைப் பாருங்கள். இந்தத் துறையில் மதிப்பு அந்த ஒரு எண்ணுக்குத்தான்.

மூன்றாவது படி: ஜெயில்ஹவுஸ். சீமென்ஸ் 2013-இல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் ஹைப்பர்வைசர் இது. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்து, கோர்களையும் மெமரியையும் ‘செல்’களாகப் பிரிக்கும். எந்த மெமரி, எந்தச் சாதனம் யாருக்கு என்ற பட்டியலை ஒரு ஃபைலில் எழுதிக் கொடுக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பொறுமையாக எழுதுங்கள், இந்தத் துறையின் பாதிப் பாடம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எல்லாம் ஓடுகிறது என்றதும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு பக்கத்தை வேண்டுமென்றே கிராஷ் செய்யுங்கள், மெமரியைத் தாறுமாறாகப் பயன்படுத்தவையுங்கள். பக்கத்து அறையில் கடிகாரம் ஒரு துடிப்புக்கூடத் தவறாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஓடினால்தான் நீங்கள் கட்டியது சுவர்.